சாண்ட்பாக்ஸிங் கற்க எங்கே தொடங்குவது?

சாண்ட்பாக்ஸிங், அதாவது ஒரு நிரலை அதற்குத் தேவையான அனுமதிகளுக்குள் அடைத்து ஓடவைப்பது, லினக்ஸில் ஒரு முறை, விண்டோஸில் வேறு முறை, மேக்கில் இன்னொன்று. இத்தனையும் தெரிந்தால்தான் பாதுகாப்புத் துறையில் வேலை கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். தேவையில்லை. ஒன்றை ஆழமாகப் படியுங்கள்.

இயங்குதளம் எதுவானாலும் கேள்வி ஒன்றுதான்: இந்த ப்ராசஸுக்கு (ஓடிக்கொண்டிருக்கும் நிரலுக்கு) உண்மையில் என்ன வேண்டும்? படத்தைத் திறந்து காட்டும் நிரலுக்கு இணைய இணைப்பு எதற்கு? நிரலில் ஓட்டை இருக்கலாம், அதன் வழியாக ஒருவர் உள்ளேயும் வரலாம். வந்தவர் அங்கேயே முடங்கிக் கிடக்க வேண்டும். அதற்குத்தான் சாண்ட்பாக்ஸ்.

நான் ஓபன்பிஎஸ்டி என்ற யூனிக்ஸ் வகை இயங்குதளத்தில் தொடங்கச் சொல்வேன். அதைக் கேட்டு ஆள் எடுக்கும் நிறுவனங்கள் குறைவு, தெரியும். ஆனாலும் 2016இல் அதன் 5.9 பதிப்போடு வந்த பிளெட்ஜ் போல எளிதாகப் புரியவைக்கும் கருவி வேறில்லை. "கோப்புகளைப் படிப்பேன், திரையில் எழுதுவேன், வேறெதுவும் செய்யமாட்டேன்" என்று நிரலே வாக்குக் கொடுக்கிறது. மீறினால் இயங்குதளத்தின் மையமான கெர்னல் அந்த இடத்திலேயே அதைக் கொன்றுவிடும். சின்னதாக ஒரு சி நிரல் எழுதி, வேண்டுமென்றே வாக்கை மீறவைத்துப் பாருங்கள்.

அப்புறம் லினக்ஸின் செக்காம்ப் என்ற வடிகட்டி. இங்கே சிஸ்டம் கால்களை, அதாவது நிரல் கெர்னலிடம் வைக்கும் கோரிக்கைகளை, ஒவ்வொன்றாக வடிகட்ட வேண்டும், வலியும் அங்கேதான். லினக்ஸ் நிரல்கள் பலவும் நம்பியிருக்கும் ஜிலிப்சி நூலகம் 2.26 பதிப்பில், கோப்பைத் திறக்க 'ஓப்பன்' என்ற சிஸ்டம் காலை விட்டு 'ஓப்பன்அட்'டுக்கு மாறியது. பழையதை மட்டும் அனுமதித்த வடிகட்டியில், ஒரு வரிகூட மாறாத நிரலும் நின்றுவிடும். இப்படி ஒரு சிக்கலை நீங்களே தேடிப்பிடித்துச் சரிசெய்திருந்தால், நேர்காணலில் அதைப் பற்றியே அரை மணி நேரம் பேசலாம். எந்தச் சான்றிதழும் அதற்கு ஈடாகாது என்பது என் கருத்து.

விண்டோஸில் பார்வையே வேறு: ப்ராசஸ் அடையாள அட்டை போலச் சுமக்கும் டோக்கனின் உரிமைகளைக் குறைப்பார்கள், விண்டோஸ் 8 முதல் ஆப்கன்டெய்னர் என்ற தனி அடைப்பும் உண்டு. மேக்கில், செயலியைக் கையொப்பமிடும்போதே அதற்கு என்னென்ன அனுமதி வேண்டும் என்று அறிவித்துவிட வேண்டும். இப்போதைக்கு இவ்வளவு போதும். இந்த மூன்றிலும் ஓடும் குரோமியம் என்ற உலாவியின் மூலநிரல் திறந்தே கிடக்கிறது. அதன் சாண்ட்பாக்ஸ் வடிவமைப்புக் குறிப்புகளைப் பிறகு நிதானமாகப் படியுங்கள்.

ஒரு எச்சரிக்கை. 1979இலேயே யூனிக்ஸில் வந்த சிரூட்டை, அதாவது ப்ராசஸுக்கு ஒரு கோப்புறையை மட்டும் காட்டும் வசதியை, பாதுகாப்புச் சுவர் என்று எங்கும் சொல்லிவிடாதீர்கள். ரூட் (முழு நிர்வாகி) உரிமையுள்ள ப்ராசஸ் அதிலிருந்து வெளியேறிவிடும்.

இந்த மாதம் ஒரே ஒரு நிரலை எடுங்கள். எந்த அனுமதியை நீக்கியதும் அது உடைந்தது என்று குறித்துவைத்து எனக்கு அனுப்புங்கள், அங்கிருந்து பேசுவோம்.