ராத்திரி நன்றாகத்தானே இருந்தது?

மூக்கையூர் முதல் தொண்டி வரை, வளர்த்த கிளியைத் திடீரென்று பறிகொடுத்தவர்கள் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். நான் கால்நடை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன், டாக்டர் இல்லை. முப்பது வருஷமாக என் வீட்டுத் திண்ணையில் ஏதாவது ஒரு கூண்டு தொங்குகிறது.

கேள்வி (பாம்பன்): அண்ணே, நாலு வருஷம் வளர்த்த காக்கடீல் கிளி. ராத்திரி தினை தின்றது, விசிலடித்தது. காலையில் துணியை விலக்கினால் கூண்டின் அடியில் விறைத்துக் கிடக்கிறது. ஒரு நோயும் இல்லை. எப்படி அண்ணே?

பதில்: நோய் இல்லை என்று சொல்லாதீர்கள் தம்பி, நமக்குத் தெரியவில்லை என்று சொல்லுங்கள். கூட்டத்தில் சோர்ந்து உட்காரும் கிளியைத்தான் வல்லூறு முதலில் குறி வைக்கும். அதனால் உடம்பு சரியில்லாததைக் காட்டிக்கொள்ளாமல் இருப்பது கிளிக்குப் பிறவியிலேயே வந்த பழக்கம். பசி இல்லாவிட்டாலும் கிண்ணத்தருகே போய் உமியைக் கிளறும். பார்க்கிற நமக்கு அது தின்பதாகத் தெரியும். காக்கடீலின் எடை பெரும்பாலும் 80 முதல் 100 கிராம்தான். அதில் பத்து கிராம் குறைந்தாலும் இறகு மூடிவிடும், கண்ணுக்குத் தெரியாது. கைக்குத் தெரியும். நெஞ்சைத் தடவும்போது நடு எலும்பு படகின் ஏராக்கட்டை மாதிரி கூராக நின்றால், பல நாளாகவே இளைத்துக்கொண்டு இருந்திருக்கிறது.

ராத்திரியோடு ராத்திரியாகப் போவதற்குப் பல காரணங்கள் உண்டு: இதயம், சூரியகாந்தி விதையே தின்று கொழுப்பு ஏறிய ஈரல், நோய்த்தொற்று, இருட்டில் மிரண்டு கூண்டில் மோதுவது. இதில் எது என்று உடலை அறுத்துப் பார்க்காமல் யார் சொன்னாலும் நம்பாதீர்கள், நான் சொன்னாலும்.

கேள்வி (தங்கச்சிமடம்): எங்கள் இரண்டு லவ் பேர்ட்ஸும் அரை மணி நேரத்துக்குள் அடுத்தடுத்து விழுந்து செத்தன. வாயைத் திறந்து மூச்சு வாங்கின, அவ்வளவுதான். அத்தை போட்ட சாம்பிராணிதான் காரணம் என்று வீட்டில் பெரிய சண்டை. பக்கத்து வீட்டுக்காரர் விஷம் வைத்திருப்பாரோ என்றும் சந்தேகம்.

பதில்: அன்றைக்கு அடுப்பில் என்ன இருந்தது என்று கேட்டிருந்தேன். தோசை ஊற்ற நான்ஸ்டிக் தவாவை வைத்ததும் குடிதண்ணீர் லாரி வந்துவிட்டது, குடத்தை எடுத்துக்கொண்டு ஓடினேன், திரும்பி வரும்போது தவா புகைந்துகொண்டிருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். என் முதல் சந்தேகம் அந்தத் தவா மேல்தான் தங்கச்சி.

அதில் பூசியிருக்கும் டெஃப்லான் பூச்சு, வெறும் பாத்திரமாக அளவுக்கு மீறிச் சூடாகும்போது ஒரு வாயுவை விடும். நமக்குத் தொண்டை கரகரக்கலாம், இல்லை ஒன்றுமே தெரியாமலும் போகலாம். கிளிக்கு நிமிஷக் கணக்குதான். நம் நுரையீரலில் காற்று போன வழியே திரும்பி வருகிறது. பறவைக்கு உடம்புக்குள் காற்றுப் பைகள் இருப்பதால் மூச்சை இழுத்தாலும் விட்டாலும் நுரையீரலில் காற்று ஒரே திசையில் ஓடிக்கொண்டே இருக்கும். பறக்கத் தேவையான ஏற்பாடு அது. விஷ வாயு வந்தாலும் அதே வேகத்தில் ஏறிவிடும். பிரிட்டன் நிலக்கரிச் சுரங்கங்களில் 1986 வரைக்கும் கேனரிக் குருவியைக் கூண்டோடு வைத்திருந்தது இதற்காகத்தான்.

சாம்பிராணி, கொசுவத்தி, ரூம் ஸ்ப்ரே எதுவும் கிளிக்கு நல்லதில்லை. ஆனால் தினமும் போடுகிற சாம்பிராணி அன்றைக்கு மட்டும் இரண்டையும் ஒரே நேரத்தில் கொல்வது கடினம். அத்தையிடம் ஒரு வார்த்தை பேசிவிடுங்கள். பக்கத்து வீட்டுக்காரரையும் விட்டுவிடுங்கள். உங்களையும் திட்டிக்கொள்ள வேண்டாம், தவா விற்கிற கடையில் இதை யாரும் சொல்வதில்லை. அடுத்து இரும்புத் தோசைக்கல் வாங்குங்கள், தோசையும் முறுகலாக வரும்.

கேள்வி (கீழக்கரை): காக்கா, எங்கள் பெண் பறவை இரண்டு முட்டை போட்டது. மூன்றாவதற்கு முக்கிக்கொண்டு கூண்டின் தரையிலேயே உட்கார்ந்திருந்தது. முட்டை போடத்தானே உட்கார்ந்திருக்கிறது என்று விட்டுவிட்டோம். மறுநாள் மௌத்தாகிக் கிடந்தது.

பதில்: (கீழக்கரையில் அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பறவை விஷயம் பேசுகிறவனுக்கு இதைவிடப் பொருத்தமான பேர் கிடைக்காது.) முட்டை உள்ளே சிக்கியிருக்க வேண்டும். சுண்ணாம்புச் சத்துக் குறைந்தால் முட்டையைத் தள்ளும் தசைக்கு வலு இருக்காது, ஓடும் மெத்தென்று இருக்கும். இறகை உப்பிக்கொண்டு தரையில் உட்கார்ந்து, வால் ஏறி இறங்கினால் அது அவசரம். கதகதப்பாக வைத்து உடனே டாக்டரிடம் போக வேண்டும். வயிற்றை அமுக்கக் கூடாது, முட்டை உள்ளேயே உடைந்துவிடும்.

உங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் கடற்கரை. சுண்ணாம்புச் சத்துக்கு ஏற்ற கணவாய் ஓடு அங்கே சும்மா ஒதுங்கிக் கிடக்கும். கடையில் காசு கொடுத்து வாங்குவதும் அதே பொருள்தான். பொறுக்கி வந்து, தினமும் தண்ணீரை மாற்றிச் சில நாள் ஊறவைத்து, உப்புப் போனதும் வெயிலில் காயவைத்துக் கூண்டில் கட்டுங்கள். சவர்த் தண்ணீர்க் கிணறு உள்ளவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: நாம் குடிக்க விலைக்கு வாங்குகிற தண்ணீரையே கிளிக்கும் வையுங்கள். உப்பு அதற்கு ஆகாது. கருவாட்டுத் துணுக்கும் உப்புக்கடலையும் வேண்டவே வேண்டாம்.

கேள்வி (மூக்கையூர்): அப்பா திண்ணையில் வலை பொத்தும்போது பச்சைக்கிளி கூடவே நடந்து திரியும். ஒரு வாரமாக எச்சம் கரும்பச்சையாகப் போனது. பிறகு கால் துவண்டு, வெட்டு வலிப்பு வந்து செத்தது.

பதில்: வலையில் கோர்க்கிற ஈயக்குண்டைக் கொறித்ததா என்று அப்பாவிடம் கேளுங்கள். ஈயம் மெத்தென்ற உலோகம், கிளியின் அலகு சுரண்டிவிடும். துணுக்கு வயிற்றில் தங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்தில் கலக்கும். நீங்கள் சொல்வதெல்லாம் அதற்குப் பொருந்துகிறது. வலை பொத்துகிற வீட்டில் கிளியைக் கீழே விடாதீர்கள்.

இன்னொன்று, கோபப்படாமல் கேளுங்கள். பச்சைக்கிளியை வீட்டில் வளர்ப்பதே குற்றம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது, 2022 திருத்தத்துக்குப் பிறகு இரண்டாம் அட்டவணையில் வருகிறது. பனைமரப் பொந்திலிருந்து குஞ்சு எடுத்து வந்து யாராவது நீட்டினால் வாங்காதீர்கள்.

கேள்வி (உச்சிப்புளி): இப்போதுதான் செத்தது. இன்னும் புதைக்கவில்லை. என்ன செய்ய?

பதில்: காரணம் தெரிய வேண்டும் என்றால் நேரம் குறைவு. இறகை நனைத்து, செய்தித்தாளில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் கட்டி ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். ஃப்ரீசரில் வைத்தால் திசு கெட்டுவிடும். ஐஸ் பெட்டிக்கு நம் ஊரில் பஞ்சமில்லை, ஆனால் உடல் நேராக ஐஸில் படக்கூடாது. ஒரு நாளைக்குள் அரசு கால்நடை மருத்துவமனையில் காட்டிக் கேளுங்கள். பெரிய பரிசோதனைக்குத் திருநெல்வேலி, ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. அறுத்தும் விடை கிடைக்காமல் போவதுண்டு.

கையுறையும் முகக்கவசமும் போட்டுத் தொடுங்கள். கிளிகளிடமிருந்து மனிதருக்கு ஒட்டும் காய்ச்சல் உண்டு. வீட்டில் யாருக்காவது காய்ச்சலும் இருமலும் வந்தால், கிளி செத்ததை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். காக்கையோ கோழியோ சேர்ந்து சாகிறது என்றால் எதையும் தொடாமல் கால்நடைத் துறைக்குத் தகவல் கொடுங்கள். புதைப்பதானால் கடற்கரை மணலில் வேண்டாம், நாய் தோண்டிவிடும். வீட்டுக் கொல்லையில் இரண்டு அடி ஆழம்.

கேள்வி (தேவிபட்டினம்): வீட்டுக்கு வந்த கண்டத்தைக் கிளி வாங்கிக்கொண்டு போய்விட்டது என்கிறார் அம்மா. நிஜமா?

பதில்: அம்மாவுக்கு அது ஆறுதல் என்றால் இருக்கட்டும். ஆனால் அந்தப் பேச்சோடு நின்றுவிடாமல் கேஸ் குழாயை ஒரு தரம் சோதித்துவிடுங்கள்.

கேள்வி (ராமேசுவரம்): ஏழு வயது மகளிடம் பறந்துபோய்விட்டது என்று சொல்லிவிட்டோம். இப்போது கூண்டுக் கதவைத் திறந்துவைத்து, தினமும் கிண்ணத்தில் தினை போட்டுக் காத்திருக்கிறாள்.

பதில்: இன்றைக்கே உண்மையைச் சொல்லிவிடுங்கள். அழட்டும். அம்மா பொய் சொன்னேன், எனக்கும் சொல்லத் தைரியம் வரவில்லை என்று அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். புதைத்த இடத்தைக் காட்டுங்கள். மறுநாளே புதுக் கிளி வாங்கிக் கொடுக்காதீர்கள். எதனால் செத்தது என்று தெரியாத கூண்டில் இன்னொரு உயிரை விடக்கூடாது. கழுவி, வெயிலில் காயப்போட்டு, ஒரு மாதமாவது போகட்டும்.

கேள்வி (தொண்டி): ஐயா, டாக்டர்களோடு இத்தனை வருஷம் வேலை பார்த்தவர் நீங்கள். உங்கள் கிளி எதனால் செத்தது என்று கண்டுபிடித்தீர்களா?

பதில்: இல்லை. பதினோரு வருஷம் இருந்த காக்கடீல். ஃபிரிட்ஜில் வை, அறுத்துப் பார் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவன், அன்றைக்குக் காலையில் அதைக் கத்திக்குக் கொடுக்க மனம் வராமல் முருங்கை மரத்தடியில் புதைத்துவிட்டேன். கொல்லைப் பக்கம் அடித்த பூச்சிமருந்தா, முந்தின நாள் வெயிலா என்று ரொம்ப நாள் மண்டையைக் குடைந்தேன். சும்மா ஒரு கிளி, அதற்குப் போய் இப்படியா என்றார் கூட வேலை பார்த்தவர் ஒருவர். அவரோடு கொஞ்ச நாள் பேசவில்லை. ஏழு மணிச் செய்திக்கு டிவி போட்டதும் அது விசிலடிக்கும். இப்போதும் அந்த நேரத்தில் வீட்டம்மா சத்தத்தைக் கொஞ்சம் குறைத்துவிடுகிறாள். ஏன் என்று நான் கேட்டதில்லை.