காயின் வாங்கிப் போட்டா காசு பெருகுமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கையில கொஞ்சம் சேமிப்பு இருக்கு, பழைய காயின்ல போட்டா நல்லா ஏறும்னு ஃப்ரெண்டு சொல்றான். நான் இதுக்கு சுத்தமா புதுசு. எங்கேர்ந்து ஆரம்பிக்கட்டும்?

பதில்: உங்க ஃப்ரெண்டு இதுவரைக்கும் எத்தன காயின் வித்திருக்கார்னு கேளுங்க, வாங்குனத இல்ல, வித்தத. இதுல வாங்குறது ஈசி, விக்கும்போதுதான் விஷயமே தெரியும்.

அப்புறம், உங்களுக்கு வேணுங்கிறது தங்கமா இல்ல காயினான்னு முடிவு பண்ணுங்க, புதுசா வர்றவங்க பாதிப்பேர் இதுலதான் குழம்புறாங்க. தென்னாப்பிரிக்காவோட க்ரூகர்ராண்ட், கனடாவோட மேப்பிள் லீஃப் மாதிரி தங்கக் காசெல்லாம் புல்லியன், அதாவது உள்ள இருக்கிற உலோகத்துக்காக வாங்குறது, ஒரு ட்ராய் அவுன்ஸ் தங்கம்னா 31.1 கிராம், அன்னிக்கு ரேட்டு, மேல கொஞ்சம் பிரீமியம், அவ்ளோதான். (க்ரூகர்ராண்ட் 22 காரட், செம்பு கலந்திருக்கும், அதனால மொத்த எடை 33.9 கிராம் காட்டும், பயந்துடாதீங்க.) கலெக்டர் காயின் அப்படியில்ல, எவ்ளோ அரிது, என்ன கண்டிஷன், அத தேடுறவங்க எத்தன பேர், இந்த மூணும் சேர்ந்துதான் விலை. டீலர் உங்களுக்கு விக்கிற விலை ஒண்ணு, உங்ககிட்ட வாங்குற விலை வேற, ஏலத்துல எடுத்தீங்கன்னா முடிஞ்ச விலைக்கு மேல பையர்ஸ் பிரீமியம்னு 20 சதவீதத்த ஒட்டி ஏத்துவாங்க, ஆக மொத்தம் வாங்குன அன்னிக்கே நீங்க நஷ்டத்துல நிக்கிறீங்க, அது சரியாக வருஷக்கணக்கு ஆகலாம். நடுவுல வட்டியும் கிடையாது டிவிடெண்டும் கிடையாது. அவசரத்துக்கு வேணுங்கிற காசுன்னா இந்தப் பக்கமே வராதீங்க.

கேள்வி: கம்மியா அடிச்ச காயின பாத்து வாங்கினா கண்டிப்பா ஏறும்தானே?

பதில்: அந்த "கண்டிப்பா"வ மட்டும் எடுத்துடுங்க. அமெரிக்காவுல நியூ ஆர்லியன்ஸ் மின்ட்ல, அதாவது காசு அடிக்கிற சாலையில, 1903ல அடிச்ச மார்கன் வெள்ளி டாலர்னு ஒண்ணு இருக்கு. அடிச்சது 44 லட்சத்துக்கும் மேல, ஆனா 1918ல அமெரிக்காவுல பிட்மன் சட்டம்னு போட்டு 27 கோடி வெள்ளி டாலர உருக்கினாங்க, அதுல இதுவும் போயிருச்சுன்னுதான் எல்லாரும் நம்பினாங்க, ஏன்னா புழக்கத்துக்கே போகாத புது பீஸ் கண்ணுலயே படல. அதனால அந்த சீரிஸ்லயே விலை அதிகமான காயின்ல அதுவும் ஒண்ணு. 1962 கடைசியில கருவூலத்து லாக்கர்லேர்ந்து சீல் பிரிக்காத பழைய மூட்டைய வெளிய விட்டாங்க பாருங்க, அதுக்குள்ள மூட்டை மூட்டையா அதே காயின்! விலை படுத்துருச்சு. உச்ச விலை குடுத்து வாங்கி வச்சிருந்தவங்க நிலைமைய யோசிச்சுப் பாருங்க, அவங்க ஏமாறவும் இல்ல, போலியும் வாங்கல.

அப்படியே தலைகீழா இன்னொண்ணு, 1933 டபுள் ஈகிள்ங்கிற அமெரிக்க 20 டாலர் தங்கக் காசு. நாலரை லட்சத்துக்குக் கொஞ்சம் கம்மி, 4,45,500 அடிச்சாங்க, கிட்டத்தட்ட எல்லாத்தையும் உருக்கிட்டாங்க, தனி ஆள் சட்டப்படி வச்சுக்கலாம்னு அனுமதி இருக்கிற ஒரே பீஸ் 2021 ஏலத்துல 1 கோடியே 89 லட்சம் டாலருக்குப் போச்சு. அதனால எத்தன அடிச்சாங்கன்னு பாக்காதீங்க, எத்தன மிச்சம் இருக்குன்னு பாருங்க, அத எத்தன பேர் தேடுறாங்கன்னு பாருங்க. "லிமிட்டெட் எடிஷன்"னு வெல்வெட் டப்பாவுல வச்சு விளம்பரம் பண்றதெல்லாம் எனக்கு நம்பிக்கையே இல்ல, அதுல பாதி டப்பாவுக்கான விலை.

கேள்வி: வாங்குன வெள்ளிக் காசு கறுத்திருக்கு. பாலிஷ் போட்டு பளபளப்பாக்கிட்டா நல்ல விலை வருமா?

பதில்: ஐயோ, தொடாதீங்க! தேய்ச்ச காயின லென்ஸ் வச்சுப் பாத்தாலே தெரிஞ்சிடும், விலை பாதிக்கும் கீழ போயிடலாம். ஓரத்த மட்டும் பிடிச்சு எடுங்க, பிவிசி கவர்ல போடாதீங்க, நாளாக ஆக பச்சையா பிசுபிசுன்னு படியும்.

கேள்வி: தரம் பாத்து பிளாஸ்டிக் டப்பாவுல சீல் பண்ண, அதாவது ஸ்லாப் போட்ட காயின்னா தைரியமா வாங்கலாமா?

பதில்: தைரியம் கொஞ்சம் கூடும், அவ்ளோதான். காயினுக்குத் தரம் போடுற கம்பெனிகள்ல பிசிஜிஎஸ் 1986ல வந்துச்சு, என்ஜிசி அடுத்த வருஷம், ரெண்டு பேரும் ஒண்ணுலேர்ந்து 70 வரைக்கும் இருக்கிற ஷெல்டன் ஸ்கேல்ல மார்க் போட்டு பிளாஸ்டிக்ல சீல் பண்ணித் தருவாங்க. இதனால காயினையே பாக்காம, மார்க்க மட்டும் பாத்து ஷேர் மாதிரி வாங்க ஆரம்பிச்சாங்க, வால் ஸ்ட்ரீட் பணம்கூட உள்ள வந்துச்சு, 1989ல உச்சத்துக்குப் போய் அடுத்த வருஷமே சரிஞ்சது தனிக்கதை. 65க்கும் 66க்கும் நடுவுல வெறுங்கண்ணுக்குத் தெரியிற வித்தியாசம் ஒண்ணும் இருக்காது, விலை மட்டும் பல மடங்கு தாவலாம், ஆரம்பத்துல அந்த ஒரு மார்க்குக்காக காசக் கொட்டாதீங்க. ஸ்லாப்புலயே போலி இருக்கு, மேல இருக்கிற நம்பர அந்தக் கம்பெனி சைட்ல போட்டு, அங்க வர்ற போட்டோவும் கையில இருக்கிறதும் ஒண்ணான்னு பாருங்க.

கேள்வி: காந்தத்துல ஒட்டலன்னா ஒரிஜினல் வெள்ளிதானே?

பதில்: செம்பும் பித்தளையும்கூட ஒட்டாதுங்க! ஒட்டினா போலின்னு சொல்லலாம், ஒட்டலங்கிறத வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. சின்ன டிஜிட்டல் தராசும், விட்டம் அளக்கிற கேலிப்பரும் வாங்கிக்கோங்க, மார்கன் டாலர்னா எடை 26.73 கிராம், விட்டம் 38.1 மில்லிமீட்டர். இதுல பாஸ் ஆனாலும் சந்தேகம் இருந்தா, போலின்னு தெரிஞ்சா காசத் திருப்பித் தருவேன்னு எழுதிக் குடுக்கிற டீலர்கிட்ட மட்டும் வாங்குங்க.