ஐந்து ஓட்டை வீலை எப்படி அளப்பது?

பழைய கார் வைத்திருக்கும் வாசகர்களிடமிருந்து வீல் பற்றி வந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாகச் சேர்த்து எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: 1967 மாடல் ஃபோக்ஸ்வாகன் பீட்டில் வாங்கியிருக்கிறேன். ரிம் எல்லாம் துரு. ஒருவர் நான்கு போல்ட் ரிம் செட் ஒன்று வைத்திருக்கிறார், 'பீட்டிலுக்கு எல்லாம் ஒன்றுதான்' என்கிறார். வாங்கலாமா? (கோயம்புத்தூர் வாசகர்)

பதில்: எல்லாம் ஒன்று இல்லை சார். பழைய பீட்டில்களில் ஐந்து போல்ட், அவற்றின் மையங்கள் வழியாக வட்டம் போட்டால் விட்டம் 205 மி.மீ. இந்த விட்டத்தைத்தான் பிசிடி என்கிறார்கள். 1968 மாடலில் இருந்து பெரும்பாலானவை நான்கு போல்ட், 130 மி.மீ. உங்கள் வண்டி சரியாக அந்த எல்லையில் நிற்கிறது. ஐரோப்பாவில் டிஸ்க் பிரேக்கோடு விற்ற 1500 மாடலுக்கு 1967-லேயே நான்கு போல்ட் வந்துவிட்டது, அதே வருடம் அமெரிக்காவுக்குப் போனதில் ஐந்து. அதனால் ஆர்.சி.யில் இருக்கும் வருடத்தை வைத்து ரிம் வாங்காதீர்கள். அரை நூற்றாண்டு ஓடிய வண்டியில் யார் எந்த பிரேக் டிரம்மை (வீல் வந்து உட்காரும் பாகம்) எப்போது மாற்றினார்கள் என்று ஆர்.சி. சொல்லாது.

வீலைக் கழற்றி டிரம்மைப் பாருங்கள். நான்கு மூலையையும் பார்க்க வேண்டும், ஏனென்றால் முன்னால் டிஸ்க் போட்டு நான்கு போல்ட் ஆக்கிவிட்டு, பின்னால் பழைய ஐந்து போல்ட் டிரம்மை அப்படியே விட்ட வண்டிகள் உண்டு. அப்புறம் ஸ்டெப்னி எதற்குப் பொருந்தும் என்பது பஞ்சர் ஆகும் அன்றைக்குத்தான் தெரியவரும்.

நான்கு போல்ட் என்றால் அளப்பது சுலபம், எதிரெதிர் ஓட்டைகளின் மையத்துக்கு மையம். ஐந்தில் எதிர் ஓட்டை என்று ஒன்று கிடையாது, பலரும் சறுக்குவது அங்கேதான். பக்கத்துப் பக்கத்து ஓட்டைகள் இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். மையம் எது என்று கண்ணால் குத்துமதிப்பாகப் பிடிக்க வேண்டாம், ஒன்றின் இடது விளிம்பில் இருந்து மற்றதன் இடது விளிம்பு வரை வெர்னியர் வைத்து அளந்தால் அதுவே மையத்துக்கு மைய தூரம். அதை 1.7013-ஆல் பெருக்குங்கள். பீட்டிலில் 120.5 வந்தால் 205. மாறாக 76.4 வந்தால் யாரோ போர்ஷே வீலுக்காக 5×130 (ஐந்து போல்ட், பிசிடி 130 மி.மீ.) ஆக மாற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

இதை விட்டுவிட்டு டேப்பை எடுத்து ஒரு ஓட்டையில் இருந்து எதிர்ப்பக்கம் தெரியும் ஓட்டைக்கு அளந்தால், கிடைப்பது விட்டத்தில் 95 சதவீதம்தான். இதில் இருக்கும் விபரீதத்தைப் பாருங்கள்: 120 பிசிடி உள்ள பிஎம்டபிள்யூ வீலை இப்படி அளந்தால் 114.1 வரும். 114.3 என்பது உலகமெங்கும் புழங்கும் இன்னொரு பிசிடி! அளந்தவர் சந்தோஷமாகத் தப்பான வீலோடு வீட்டுக்குப் போவார். அதே மாதிரி 114.3 வீல் 108.7 காட்டும், 108 என்றும் ஒரு பிசிடி இருக்கிறது.

உங்கள் டிரம் ஐந்து போல்ட் என்றால், அந்த நான்கு போல்ட் செட்டை டிரம்மோடு சேர்த்துத் தந்தால் மட்டும் யோசிக்கலாம். போல்ட்டும் சேர்ந்து மாறும்: ஐந்து போல்ட் டிரம்முக்கு 12 மி.மீ., நான்குக்கு 14 மி.மீ.

கேள்வி: என் மொரிஸ் மைனருக்கு 4×100 அலாய் வீல் மலிவாகக் கிடைக்கிறது. மைனருக்கு 101.6 என்று கேள்விப்பட்டேன். 1.6 மி.மீ. எல்லாம் ஒரு வித்தியாசமா, நட்டை இறுக்கினால் உட்கார்ந்துவிடும் என்கிறார் கடைக்காரர். (யாழ்ப்பாண வாசகர்)

பதில்: உட்காராது. மைனர் அங்குலக் கணக்கில் செய்த கார், 101.6 என்பது சரியாக 4 அங்குலம். 4×100 வீலில் ஒவ்வொரு ஓட்டையும் ஸ்டட்டில் (நட்டைப் போட வண்டியில் நீட்டிக்கொண்டிருக்கும் மரைக் கம்பி) இருந்து 0.8 மி.மீ. உள்ளே தள்ளி நிற்கும். ஸ்பேனர் போட்டு இழுத்தால் நட்டின் கூம்பு ஒரு பக்கம் மட்டும் கடித்துக்கொண்டு, ஸ்டட்டை வளைத்துக்கொண்டு இறுகும். கைக்கு நன்றாக இறுகியது போலத்தான் இருக்கும், கொஞ்ச தூரம் ஓடியதும் தளரும். மைனரின் ஸ்டட் வெறும் எட்டில் மூன்று அங்குல கனம், அதை வளைத்து விளையாடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

சந்தேகம் இருந்தால் வண்டியை ஜாக்கியில் தூக்கி, நான்கு நட்டையும் விரலால் மட்டும் சுற்றுங்கள். நான்கும் கூம்பு வரை தானாகப் போய் உட்கார வேண்டும். நான்காவது அடம்பிடித்தால் வீலைத் திருப்பிக் கொடுங்கள். 101.6 வேண்டுமென்றால் எம்ஜி மிட்ஜெட்டின் 13 அங்குல ரிம்மைத் தேடுங்கள், மைனர்காரர்கள் வெகுகாலமாகப் போடுவது அதுதான்.

கேள்வி: பென்ஸ் டபிள்யூ123-க்குப் பழைய இன்னோவா அலாய் போகுமா? (சென்னை வாசகர்)

பதில்: போகாது. பென்ஸ் 5×112, இன்னோவா 5×114.3. அந்தச் சின்ன வித்தியாசமாவது இறுக்கிப் பார்க்கிற ஆசையைத் தூண்டும், நடு ஓட்டை அதற்கும் இடம் தராது. இன்னோவா வீலின் நடு ஓட்டை 60.1 மி.மீ., அதற்குள் நுழைய வேண்டிய பென்ஸின் ஹப் (வீலின் நடுவில் வரும் உருளை முனை) 66-க்கு மேல். லேத்தில் கொடுத்து நடுவைக் கடைந்து, போல்ட் ஓட்டைகளையும் நீளமாக்கித் தருகிறோம் என்பார்கள், வேண்டாம். புதுப்பேட்டையில் பென்ஸ் ரிம்மையே தேடுங்கள்.

கேள்வி: பழைய வில்லிஸ் ஜீப்புக்கு மாருதி ஜிப்ஸி வீல் போட நினைக்கிறேன். ஆனால் இடது பக்க நட்டுகள் கழலவே இல்லை, பைப் போட்டு மிதித்தும் அசையவில்லை. வெட்டி எடுக்கலாமா? (குன்னூர் வாசகர்)

பதில்: முதலில் மிதிப்பதை நிறுத்துங்கள்! வில்லிஸில் இடது பக்க வீல்களுக்கு இடது மரை, அதாவது வழக்கத்துக்கு எதிர்த்திசையில் திறக்கும் மரை. நீங்கள் திறப்பதாக நினைத்து இத்தனை நேரமும் இறுக்கிக்கொண்டிருக்கிறீர்கள். கம்பி பிரஷ்ஷால் ஸ்டட்டின் முனையைத் தேய்த்துப் பாருங்கள், 'எல்' என்ற ஆங்கில எழுத்து குத்தியிருக்கலாம். மிதித்ததில் ஏற்கெனவே நன்றாக இறுகியிருக்கும், அதனால் துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள். அப்புறம் கடிகார முள் சுற்றும் திசையில் திருப்புங்கள்.

வீல் விஷயத்தில் உங்களுக்கு அதிர்ஷ்டம்தான். வில்லிஸும் ஜிப்ஸியும் 5×139.7, அதாவது ஐந்தரை அங்குலம். ஜிப்ஸி வீலின் நடு ஓட்டை 108 மி.மீ., உங்கள் ஹப் அதில் நுழைகிறதா என்று மட்டும் அளந்துகொள்ளுங்கள். வீல் 16-ல் இருந்து 15 அங்குலம் ஆகும். நட்டு மட்டும் ஜீப்புடையதே இருக்கட்டும், ஜிப்ஸி நட் 12 மி.மீ., ஜீப் ஸ்டட் அரை அங்குலம், அதாவது 12.7. கழற்றிய இடது மரை நட்டுகளைத் தனி டப்பாவில் போட்டு மேலே எழுதி வையுங்கள், வலது பக்கத்தோடு கலந்துவிட்டால் பார்வைக்கு வித்தியாசம் சட்டென்று தெரியாது.