ரெண்டு வெண்கலம் ஏன்?

கேள்வி: உலக மகளிர் பாக்சிங் சாம்பியன்ஷிப்ல செமி ஃபைனல்ல தோத்த ரெண்டு பேருக்குமே வெண்கலமாமே, மூணாவது இடத்துக்கு ஒரு மேட்ச் வெச்சா என்ன? 5-0ன்னா அஞ்சு குத்து தானா?

பதில்: ஏங்க, அதுவரைக்கும் வாங்கின அடி பத்தாதா, தோத்துப்போய் மூக்கு வீங்கி உக்காந்திருக்கறவங்கள மறுபடி ரிங்ல ஏத்தணுமா? அதான் ரெண்டு பேருக்குமே குடுத்து அனுப்பிடறாங்க. 5-0ங்கறது குத்து கணக்கு இல்ல, சுத்தி உக்காந்திருக்கற அஞ்சு நடுவர்களும் ஒரே ஆளுக்கு ஓட்டு போட்டுட்டாங்கன்னு அர்த்தம், ஒவ்வொருத்தரும் தனித்தனியா ரவுண்டுக்கு ரவுண்டு மார்க் போடுவாங்க, ஜெயிச்சவங்களுக்கு 10, மத்தவங்களுக்கு பெரும்பாலும் 9. மூணு ரவுண்டு, ஒவ்வொண்ணும் மூணு நிமிஷம்.

2018ல டெல்லியில மேரி கோம், உக்ரைனோட ஹன்னா ஒகோட்டாவ இப்படித்தான் 5-0ன்னு சாய்ச்சு 48 கிலோ எடைப் பிரிவுல ஜெயிச்சு, இந்தப் போட்டியில தன்னோட ஆறாவது தங்கம் வாங்கினாங்க. மொத தங்கம் 2002ல! மூணு பசங்களுக்கு அம்மா வேற. 2023ல அதே டெல்லியில நீத்து, நிகத், லவ்லினா, ஸ்வீட்டின்னு நம்ம பொண்ணுங்களுக்கு நாலு தங்கம், அந்த வருஷம் நான் டிவிய விட்டு எந்திரிக்கவே இல்ல.