பழகும் காலமும் வாராந்திர ஊசியும்: வாசகர் கேள்வி – மருத்துவர் பதில்

எடை குறைப்பு மருந்துகள் பற்றி இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களின் போக்கு அண்மைக் காலமாக மாறியிருக்கிறது. குமட்டலுக்கு என்ன செய்வது என்று கேட்டவர்கள் இப்போது, பெண் பார்க்க வருபவரிடமும் பழகிக்கொண்டிருப்பவரிடமும் இதை எப்படிச் சொல்வது என்று கேட்கிறார்கள். அத்தகைய மூன்று கடிதங்களுக்கு இந்த இதழில் பதிலளிக்கிறேன்.

கேள்வி: எனக்கு வயது 30. சொந்த ஊர் கோயம்புத்தூர், பெங்களூருவில் வேலை. பி.சி.ஓ.டி. (சினைப்பை நீர்க்கட்டி) பிரச்சினையுடன் எடை 94 கிலோவைத் தொட்டபோது, மருத்துவரின் ஆலோசனைப்படி டிர்செபடைட் என்ற எடை குறைப்பு ஊசியை வாரம் ஒருமுறை போட்டுக்கொள்ளத் தொடங்கினேன். இப்போது எடை 82 கிலோ. திருமணத் தகவல் தளம் மூலம் அறிமுகமான ஒருவருடன், இரு வீட்டாரும் அறிய, மூன்று மாதங்களாகப் பழகி வருகிறேன். ஞாயிறுதோறும் மதியம் வெளியே சாப்பிடப் போகிறோம். பிரியாணி நான்கு கரண்டிக்கு மேல் இறங்குவதில்லை. "என்னோடு சாப்பிடப் பிடிக்கவில்லையா?" என்று அவர் இரண்டு முறை கேட்டுவிட்டார். ஒருநாள் திரையரங்கில் அழுகிய முட்டை வாடையோடு ஏப்பம் வந்ததில், இடைவேளையிலேயே தலைவலி என்று சொல்லிக் கிளம்பிவிட்டேன். "நிச்சயதார்த்தம் முடியும்வரை ஊசியைப் பற்றி மூச்சு விடாதே" என்கிறார் அம்மா. மாதவிலக்கு ஒழுங்காக வருவதற்காகக் கருத்தடை மாத்திரையும் எடுத்துக்கொள்கிறேன். நான் எப்போது, எப்படிச் சொல்வது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: உங்கள் அம்மாவின் பயத்தைக் குறை சொல்ல மாட்டேன். பெண் தைராய்டு மாத்திரை சாப்பிடுவதைக்கூடத் தாலி ஏறும்வரை மறைத்து வைத்த குடும்பங்களைப் பார்த்து வளர்ந்தவர் அவர். மறைத்ததால்தான் கல்யாணம் நடந்தது என்பது அவர் கண்ட உலகம். ஆனால் அந்தக் காலத்துப் பெண்ணும் மாப்பிள்ளையும் வாராவாரம் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. உங்கள் நண்பர் உங்கள் தட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். காரணம் தெரியாததால், தன்னைப் பிடிக்கவில்லை என்ற காரணத்தைத் தானே கற்பித்துக்கொள்கிறார். நீங்கள் மறைப்பது ஊசியை. அவருக்குத் தென்படுவதோ வெறுப்பு. இந்த நிலையில் மௌனம் உங்களுக்கு எந்த நன்மையும் செய்யவில்லை.

முதல் சந்திப்பிலோ இரண்டாவது சந்திப்பிலோ ஒருவர் தம் மருந்துச் சீட்டை எடுத்துக் காட்ட வேண்டிய அவசியம் இல்லை என்பதே என் கருத்து. எதிரில் இருப்பவருடன் தொடர்ந்து பழகப்போகிறோமா என்பதே தெரியாத கட்டத்தில் அது அவருக்குத் தேவையற்ற தகவல். நீங்கள் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டீர்கள். திருமணத்தைப் பற்றிப் பேச்சு வந்துவிட்ட பிறகு, அதுவும் நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறிப்பதற்கு முன்பே, சொல்லிவிடுங்கள். உங்கள் எடை அவருக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. இந்த மருந்து, நீங்கள் இருவரும் சேர்ந்து எடுக்க வேண்டிய சில முடிவுகளுக்குள் நுழைகிறது என்பதற்காகவே சொல்கிறேன்.

அவற்றுள் முதன்மையானது குழந்தை. கருத்தரிக்கத் திட்டமிடுபவர்கள் இந்த வகை மருந்துகளை முன்கூட்டியே நிறுத்திவிட வேண்டும். டிர்செபடைட் என்றால் ஒரு மாதமும், இதே வகையைச் சேர்ந்த செமாகுளூடைட் என்றால் இரண்டு மாதமும் இடைவெளி வேண்டும் என்று பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அறிவுறுத்துகிறது. கல்யாணமான மூன்றாம் மாதமே 'விசேஷம் உண்டா?' என்று கேட்கும் உறவினர்கள் சூழ, இதை நீங்கள் ஒருவராகவே மனத்துக்குள் கணக்கிட்டுக்கொண்டிருக்க முடியாது.

இதையொட்டி, நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. டிர்செபடைட் இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துவதால், வாய்வழிக் கருத்தடை மாத்திரை உடலில் சேரும் அளவு குறைகிறது. எனவே ஊசியைத் தொடங்கிய பின் நான்கு வாரங்களும், ஒவ்வொரு முறை அளவைக் கூட்டிய பின் நான்கு வாரங்களும், ஆணுறை போன்ற கூடுதல் பாதுகாப்பு வேண்டும், அல்லது மாத்திரை அல்லாத வேறு முறைக்கு மாற வேண்டும் என்று மருந்தின் குறிப்பேடே கூறுகிறது. ஊசியின் அளவு 2.5 மி.கி.யில் தொடங்கி, குறைந்தது நான்கு வாரங்களுக்கு ஒருமுறை 2.5 மி.கி. வீதம் கூடிக்கொண்டே போவது என்பதால், இந்த 'நான்கு வாரங்கள்' ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பல மாதங்கள் ஆகிவிடும். மேலும், பி.சி.ஓ.டி. உள்ளவர்களுக்கு எடை குறையும்போது நின்றிருந்த கருமுட்டை வெளியேற்றம் மீண்டும் நடக்கத் தொடங்குவது உண்டு. 'எனக்கு எளிதில் கரு நிற்காது' என்று பல ஆண்டுகள் கேட்டுப் பழகிய பெண்கள் இந்த இடத்தில்தான் ஏமாந்து போகிறார்கள். உங்கள் உறவு எவ்வளவு நெருக்கமானது என்பதை நான் கேட்கவில்லை. நெருக்கம் ஏற்பட்டால் மாத்திரையை மட்டும் நம்ப வேண்டாம் என்பதை உங்கள் மகப்பேறு மருத்துவரிடமும் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

அடுத்தது பணம். 2025 மார்ச்சில் இந்த மருந்து இந்தியச் சந்தைக்கு வந்தபோது 2.5 மி.கி. குப்பியின் விலை 3,500 ரூபாய், 5 மி.கி. குப்பியின் விலை 4,375 ரூபாய். வாரம் ஒரு குப்பி என்று கணக்கிட்டால் அது ஒரு சிறிய வீட்டு வாடகை. குடும்பச் செலவைப் பகிரப்போகிறவர் இதை வங்கிக் கணக்கிலிருந்து கண்டுபிடிக்கும்படி விடாதீர்கள்.

எப்படிச் சொல்வது என்று கேட்கிறீர்கள். நீண்ட முன்னுரையும் தழுதழுத்த குரலும் சாதாரண செய்தியைக் கெட்ட செய்தியாக்கிவிடும். "பி.சி.ஓ.டி.க்காக டாக்டர் ஒரு ஊசி கொடுத்திருக்கிறார், வாரம் ஒன்று போட்டுக்கொள்கிறேன். எடை குறைவது அதனால்தான். அதனால்தான் உங்களோடு வரும்போது சரியாகச் சாப்பிட முடியவில்லை. உங்களைப் பிடிக்காமல் இல்லை" என்று நான்கு வாக்கியங்களில் முடித்துவிட்டு, அவர் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்லுங்கள். சாப்பாட்டு மேசையில் வேண்டாம். கப்பன் பூங்காவில் நடந்துகொண்டே சொல்லலாம். முகத்துக்கு நேராகப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டிய கட்டாயம் இல்லாதபோது இத்தகைய பேச்சு எளிதாக வரும்.

இனி ஞாயிற்றுக்கிழமை மதியம். பலருக்குக் குமட்டல், ஊசி போட்ட ஓரிரு நாட்களில்தான் அதிகமாக இருக்கிறது. நீங்கள் வெள்ளி அல்லது சனிக்கிழமை ஊசி போடுபவரானால், ஞாயிறு இரவுக்கோ திங்களுக்கோ மாற்றிக்கொள்ளலாம். இரண்டு ஊசிகளுக்கு இடையே குறைந்தது மூன்று நாட்கள் இருக்க வேண்டும் என்பதே டிர்செபடைட்டுக்கான நிபந்தனை. நெய்யும் எண்ணெயும் மிகுந்த பிரியாணி, ஏற்கெனவே மெதுவாக இயங்கும் இரைப்பையில் மணிக்கணக்கில் தங்கி, நீங்கள் திரையரங்கில் அனுபவித்ததைப் போன்ற ஏப்பமாக வெளிவரும். மதிய விருந்துக்குப் பதிலாகக் காலைச் சிற்றுண்டிக்குச் சந்தியுங்கள். இரண்டு இட்லியோடு எழுந்தால் யாரும் விசாரிப்பதில்லை. மதியம்தான் முடியும் என்றால், முதலில் மீனையோ கோழியையோ கொஞ்சம் சாப்பிட்டுவிட்டுப் பிறகு சோற்றுக்குப் போங்கள். உண்ணும் அளவு குறையும்போது புரதம் குறைந்தால், கொழுப்போடு தசையும் கரைகிறது, கொத்துக் கொத்தாக முடியும் உதிர்கிறது. மீதியைப் பார்சல் கட்டச் சொல்வதில் வெட்கம் வேண்டாம்.

கேள்வி: வயது 36, திருச்சி. சர்க்கரை நோய்க்காகக் கிளிமிபிரைடு எடுத்துவந்த எனக்கு, ஓராண்டுக்கு முன் மருத்துவர் செமாகுளூடைட் மாத்திரையையும் சேர்த்தார். எட்டு கிலோ குறைந்தேன். உடன் பணிபுரியும், விவாகரத்தான ஒரு பெண்ணோடு பழகி வருகிறேன். சர்க்கரை நோய் அவருக்குத் தெரியும்; இந்த மாத்திரை தெரியாது. எப்படி இளைத்தீர்கள் என்று அவர் கேட்டபோது, நடைப்பயிற்சியும் வரகரிசியும் என்று சொல்லிவிட்டேன். இப்போது அவரும் தினமும் நடந்து, இரவில் வரகரிசிக் கஞ்சி குடித்தும் எடை குறையவில்லை என்று வருந்துகிறார். மருந்தால் இளைப்பது குறுக்குவழி என்று அவர் நினைத்துவிடுவாரோ என்று தயங்குகிறேன்.
– பெயர் வேண்டாம்

பதில்: முந்தைய கடிதத்தை எழுதியவர் சொல்லாமல் இருந்தார், நீங்கள் இல்லாததைச் சொல்லியிருக்கிறீர்கள். அந்தப் பொய்யால் இன்னொருவர் தம் மன உறுதியையே சந்தேகிக்கும் நிலைக்கு வந்திருக்கிறார் என்பதால், தாமதிக்க உங்களுக்கு இடமில்லை. இந்த வாரமே சொல்லுங்கள்.

குறுக்குவழி என்ற சொல் உங்களை அச்சுறுத்துவதால் ஓர் ஆய்வைக் குறிப்பிடுகிறேன். 2021-ல் வெளியான, செமாகுளூடைட் ஊசி பற்றிய பெரிய ஆய்வில், மருந்து பெற்றவர்கள், மருந்தில்லாத வெற்று ஊசி பெற்றவர்கள் ஆகிய இரு தரப்பினருக்கும் உணவுக் கட்டுப்பாடும் உடற்பயிற்சியும் ஒரே மாதிரி கற்பிக்கப்பட்டன. 68 வாரங்களின் முடிவில் வெற்று ஊசிக்காரர்களின் எடை சராசரியாக 2.4 சதவீதம் குறைந்தது. மருந்து பெற்றவர்களின் எடை 14.9 சதவீதம் குறைந்தது. வெற்று ஊசி பெற்றவர்கள் சோம்பேறிகள் என்று யாரும் சொல்லவில்லை. நீங்கள் எடுப்பது மாத்திரையே ஆனாலும் மருந்து ஒன்றுதான். உங்கள் தோழி இப்போது இருப்பது வெற்று ஊசிக்காரர்களின் நிலையில். ஆனால் தாம் உங்களோடு ஒரே தரப்பில் இருப்பதாக எண்ணிக்கொண்டிருக்கிறார். குறுக்குவழி என்று அவர் சொன்னால் இந்த எண்களைச் சொல்லலாம். பொய் சொன்னீர்களே என்று கோபித்துக்கொண்டால், அதைக் கேட்டுக்கொள்வதைத் தவிர வழியில்லை. அந்தக் கோபம் நியாயமானது.

மாத்திரையை மறைத்தே எடுத்துக்கொள்வதும் நடைமுறையில் முடியாத காரியம். காலையில் வெறும் வயிற்றில், அரை டம்ளருக்கு மிகாத தண்ணீரோடு விழுங்கி, அடுத்த அரை மணி நேரம் காபி உட்பட எதையும் தொடக்கூடாத மருந்து இது. ஒரே வீட்டில் வாழப்போகிறவர் கையில் டிகாஷன் காபியோடு நிற்கும்போது, தினமும் என்ன சாக்குச் சொல்வீர்கள்?

இன்னொரு காரணமும் உண்டு, அது அவசரமானது. செமாகுளூடைட் தனித்து இருக்கும்போது இரத்தச் சர்க்கரையை ஆபத்தான அளவுக்குத் தாழ்த்துவது அரிது. கிளிமிபிரைடோடு சேரும்போது அந்த அபாயம் கூடுகிறது. பசியில்லை என்று இரவு உணவைத் தவிர்த்துவிட்டு மதுவும் அருந்தினால் அபாயம் மேலும் கூடும். வியர்வை, கை நடுக்கம், குழறல் ஆகியவற்றைப் பார்ப்பவர்கள் போதை என்றே நினைத்துவிடுவார்கள். உங்களோடு மாலைப்பொழுதைக் கழிப்பவருக்கு அதை அடையாளம் காணவும், நினைவு தெளிவாக இருக்கும்போதே சர்க்கரையையோ பழச்சாற்றையோ கொடுக்கவும், மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழைக்கவும் தெரிந்திருக்க வேண்டும்.

கேள்வி: வயது 33, சென்னை. நான் மணக்க விரும்பும் பெண் செமாகுளூடைட் ஊசி போட்டு 15 கிலோ குறைந்தவர். அவரே வெளிப்படையாகச் சொன்னார். நிறுத்தினால் எடை திரும்பிவிடும் என்று கேள்விப்படுகிறேன். திருமணத்துக்கு முன் ஆறு மாதம் மருந்தை நிறுத்திப் பார்க்கும்படி அவரிடம் கேட்கலாமா?
– ஒரு வாசகர்

பதில்: கேட்க வேண்டாம். நீங்கள் கேள்விப்பட்டது பெருமளவு உண்மை. முன்பு சொன்ன அதே ஆய்வில் பங்கேற்றவர்களில் ஒரு பகுதியினரை, மருந்து நிறுத்தப்பட்ட பிறகும் ஓராண்டு கவனித்ததில், இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டிருந்தது. சீராகியிருந்த இரத்த அழுத்தமும் பழைய நிலையை நோக்கி நகர்ந்திருந்தது. விடை இவ்வாறு தெரிந்திருக்கும்போது, அதை இன்னொருவரின் உடம்பில் ஆறு மாதம் சோதித்துப் பார்க்கச் சொல்வது மருத்துவமும் ஆகாது, மரியாதையும் ஆகாது. இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்திக் காட்டும்படி எந்தப் பெண்ணிடமும் நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

சோதனையைச் சந்திக்க வேண்டியவர் நீங்கள்தான். நீங்கள் இருவரும் குழந்தை வேண்டும் என்று முடிவு செய்தால், அவர் கருத்தரிக்க முயல்வதற்கு இரண்டு மாதம் முன்பே ஊசியை நிறுத்துவார். கர்ப்ப காலம் முழுவதும் எடுக்க மாட்டார். பாலூட்டும் காலத்திலும் மருத்துவர்கள் பொதுவாக இதைத் தருவதில்லை. ஆக, திருமணமான முதல் சில ஆண்டுகளுக்குள்ளேயே குறைந்தது ஒன்றரை ஆண்டு அவர் மருந்தில்லாமல் இருப்பார், எடையும் கூடும். அந்த எடையோடு அவரை உங்களுக்குப் பிடிக்குமா என்பதை, இப்போது அவரிடம் கேட்க நினைத்த ஆறு மாத அவகாசம் இல்லாமலேயே நீங்கள் யோசித்துவிட முடியும். பிடிக்காது என்றால், கல்யாணப் பத்திரிகை அச்சுக்குப் போவதற்கு முன் அதை அவரிடம் நேரில் சொல்லிவிடுங்கள். அவர் உங்களிடம் தம் மருந்தைப் பற்றிச் சொன்னது போலவே.