45,000 ரூபாய்க்கு 3,000 லிங்க்: வாங்கலாமா?

கேள்வி: அண்ணா, நாங்கள் கொக்குவிலில் பனம்பொருள் செய்து விற்கிறோம். அம்மா தொடங்கிய தொழில். ஒடியல் மா, புழுக்கொடியல், பனாட்டு, பனங்கட்டி எல்லாம் உண்டு. வெளிநாட்டில் இருப்பவர்கள் ஓர்டர் கொடுப்பார்கள் என்று மூன்று வருடத்துக்கு முன் ஓர் இணையத்தளம் போட்டோம். போன வருடம் அதன் முகவரியை மாற்றினோம். கூகுளில் தேடினால் நாலாம் பக்கத்திலும் எங்களைக் காணவில்லை. ஒரு கொம்பனி ஃபோன் எடுத்து, 45,000 ரூபாய் தந்தால் ஒரு மாதத்தில் 3,000 பேக்லிங்க், அதாவது வேறு தளங்களில் இருந்து உங்கள் தளத்துக்கு வரும் லிங்க், போட்டுத் தருகிறோம், முதல் பக்கத்துக்கு வந்துவிடும் என்கிறது. கொடுக்கலாமா? நான் ஒவ்வொரு நாளும் பேஸ்புக்கில் லிங்க் போடுகிறேன். அதில் பிரயோசனம் இல்லையா? பக்கத்து நகைக்கடைக்காரர், "நீங்கள் எனக்கு லிங்க் போடுங்கோ, நான் உங்களுக்குப் போடுறன்" என்கிறார். அது சரியா?

பதில்: காசைக் கொடுக்க வேண்டாம். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அடுத்த மாதம் இன்னொரு கொம்பனி 5,000 லிங்க் என்று ஃபோன் எடுக்கும்.

எங்கட ஊரில் ஒரு சம்பந்தம் பேசினால் மாப்பிள்ளை வீட்டார் தங்களைப் பற்றிச் சொல்வதை யாரும் அப்படியே எடுப்பதில்லை. அவர்களுடைய ஊரில் விசாரிப்போம். படிப்பித்த வாத்தியார் ஒருவர், "நல்ல பிள்ளை, எனக்குத் தெரியும்" என்றால் அது ஒரு கணக்கு. தரகர் சொன்னால் வேறு கணக்கு. அவர் எல்லாரையும்தான் நல்ல பிள்ளை என்பார்.

1998இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த லாரி பேஜும் சேர்ஜி பிரினும் கூகுளுக்கு அடித்தளமாக வைத்த பேஜ்ராங்க் என்ற கணக்கு ஏறக்குறைய இந்த விசாரிப்புத்தான். ஒரு பக்கத்தில் இருந்து இன்னொரு பக்கத்துக்குப் போகும் லிங்கை அவர்கள் ஒரு நற்சொல்லாக எடுத்தார்கள். சொல்கிற பக்கத்தைப் பற்றி மற்றவர்கள் எவ்வளவு நற்சொல் சொல்கிறார்களோ, அந்த அளவுக்குத்தான் அதன் சொல்லுக்கும் நிறை. இன்னொன்று, ஒரு பக்கத்தின் நிறை அது கொடுக்கும் லிங்குகளுக்கிடையே பிரிந்து போகும். பத்துப் பேரைக் காட்டினால் பத்தாகப் பிரியும். ஆயிரம் பேரைக் காட்டினால் ஆயிரமாக.

இப்போது அந்த 3,000 லிங்கை எடுத்துப் பாருங்கள். அவை எங்கே இருந்து வரும்? ஒருவரும் வாசிக்காத, ஒருவரும் லிங்க் கொடுக்காத பக்கங்களில் இருந்து. அந்தப் பக்கங்களின் நிறை பூச்சியம். அந்தப் பூச்சியமும் உங்களுக்கும், இன்னும் நூறு சப்பாத்துக் கடைகளுக்கும், சூதாட்டத் தளங்களுக்கும் பிரிபடும். பூச்சியத்தை 3,000 தரம் கூட்டினால் என்ன வரும் என்று உங்களுக்கே தெரியும்.

நானும் இதில் காசு விட்டவன்தான். 2011இல் நல்லூருக்குக் கிட்ட ஒரு விருந்தினர் விடுதிக்குத் தளம் செய்துகொடுத்தேன். திருவிழாக் காலத்துக்கு முன் மேலே வரவேண்டும் என்று உரிமையாளர் நெருக்க, நான் வெளிநாட்டுக் கொம்பனி ஒன்றிடம் லிங்க் வாங்கிப் போட்டேன். வந்தது. அந்த வருடத் திருவிழாவுக்கு அறை எல்லாம் நிறைந்து, எனக்கு வேட்டி சால்வை கூடக் கிடைத்தது. 2012 ஏப்ரலில் கூகுள் பெங்குவின் என்ற மாற்றத்தைக் கொண்டுவந்தது. செயற்கையாக லிங்க் சேர்த்த தளங்களைக் கீழே இறக்குவதுதான் அதன் வேலை. விடுதியின் பெயரை முழுதாக அடித்துத் தேடினால் மட்டும் தளம் வந்தது, வேறு எந்தச் சொல்லுக்கும் வரவில்லை. லிங்குகளைக் கழற்றச் சொல்லி எழுதிய கடிதங்களுக்குப் பாதிப் பேர் பதில் போடவில்லை. மீதிப் பேர் கழற்றுவதற்கும் காசு கேட்டார்கள்!

2016 செப்டெம்பரில் இருந்து நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. பொய் லிங்கைக் கண்டால் பெங்குவின் இப்போது தளத்தைத் தண்டிப்பதை விட, அந்த லிங்கைக் கணக்கில் எடுக்காமல் விடுகிறது. ஆகவே பெரும்பாலும் உங்களுக்கு நடக்கப்போவது 45,000 ரூபாய் நட்டம் மட்டும்தான். ஆனால் கூகுளின் ஆட்களே நேரில் பார்த்துத் தண்டனை போடும் வழக்கம் இன்னும் இருக்கிறது. வரிசையில் ஏறுவதற்காகக் காசுக்கு லிங்க் வாங்குவதும் விற்பதும் அவர்களுடைய விதிப்படி குற்றம். அந்தக் கொம்பனி "டி.ஏ. 50க்கு மேல் உள்ள தளங்கள்" என்று ஏதும் சொன்னால் மயங்க வேண்டாம். அது மோஸ் என்ற தனியார் நிறுவனம் தன் கணக்குக்குப் போடும் புள்ளி. கூகுள் அதைப் பார்ப்பதில்லை.

பேஸ்புக் கேள்விக்குச் சுருக்கமான பதில்: ஓர்டருக்கு நல்லது, கூகுளுக்கு அநேகமாக ஒன்றும் இல்லை. அங்கே போடும் லிங்குகளில் "நோஃபாலோ" என்ற குறி இருக்கும். இந்தத் தளத்துக்கு நான் பொறுப்பில்லை என்று தேடுபொறிக்குச் சொல்லும் குறி அது, 2005இல் வந்தது. 2019இல் இருந்து கூகுள் அதைக் கட்டளையாக எடுக்காமல் ஒரு குறிப்பாக மட்டும் எடுக்கிறது என்றாலும், அதை நம்பி நாள்தோறும் லிங்க் போடத் தேவையில்லை. ஆட்கள் பார்த்து வாங்குகிறார்கள் என்றால் அதற்காகப் போடுங்கள்.

நகைக்கடைக்காரர் விஷயம்? அயலுக்குள் ஒன்றிரண்டு பேர் ஒருவரை ஒருவர் காட்டினால் வானம் இடிந்து விழாது. ஆனால் புழுக்கொடியல் வாங்க வந்தவருக்கு அட்டியல் எதற்கு? வாசிப்பவருக்குத் தேவையானால் போடுங்கள். முப்பது கடை சேர்ந்து மாறி மாறிப் போடும் திட்டமாக அது வளர்ந்தால் விலகுங்கள்.

சரி, இனி உங்கள் தளத்துக்கு வருவோம். நீங்கள் அனுப்பிய முகவரியில் போய்ப் பார்த்தேன். வெளியில் இருந்து லிங்க் வருவதற்கு முன், வீட்டுக்குள்ளேயே கதவு பூட்டிக் கிடக்கிறது.

முதல் பக்கத்தில் அம்மா சுளகோடு நிற்கும் படம் வடிவாக இருக்கிறது. அதன் கீழே ஓடுகிற நாலு படங்களை அழுத்தினால் பொருட்களுக்குப் போகிறது. மனிதர் அழுத்தினால் போகும். கூகுளின் இயந்திரம் அழுத்துவதில்லை. பக்கத்தின் நிரலில் "ஏ" என்ற குறிச்சொல்லும், அதற்குள் "எச்ரெஃப்" என்று போகவேண்டிய முகவரியும் எழுதியிருந்தால்தான் அது அந்த வழியே போகும். உங்கள் படங்களில் அது இல்லை, வெறும் ஸ்கிரிப்ட்தான் இருக்கிறது. அதனால் புழுக்கொடியல் பக்கத்துக்கு உங்கள் தளத்துக்குள் இருந்தே ஒரு லிங்க் கூட இல்லை. நீங்களே காட்டாத பொருளை ஊரார் எப்படிக் காட்டுவது? தளம் செய்த தம்பியிடம் இந்தப் பந்தியைக் காட்டுங்கள், ஒரு மணித்தியால வேலை.

அப்படியே லிங்கில் எழுதியிருக்கும் சொல்லையும் மாற்றச் சொல்லுங்கள். ஏழு இடத்தில் "இங்கே அழுத்தவும்" என்று இருக்கிறது. லிங்க் மேல் எழுதியிருக்கும் சொல்லை வைத்தும் கூகுள் அந்தப் பக்கம் எதைப் பற்றியது என்று ஊகிக்கும். "ஒடியல் மா 500 கிராம்" என்று எழுதினால் அதற்கும் விளங்கும், ரொறன்ரோவில் இருக்கும் மாமிக்கும் விளங்கும்.

அடுத்தது முகவரி மாற்றம். என்னைக் கேட்டால் உங்கள் தளம் காணாமல் போனதற்குப் பெரிய காரணம் இதுதான். மூன்று வருடத்தில் உங்களைப் பற்றி யாரோ எழுதி, பழைய முகவரிக்கு லிங்க் கொடுத்திருப்பார்கள். அந்தப் பழைய முகவரியை இப்போது திறந்தால் பக்கம் இல்லை என்று வருகிறது. கிடைத்த நற்சொல் எல்லாம் ஆளில்லாத வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. தபால் கந்தோரில் சொல்லிக் கடிதங்களைப் புது வீட்டுக்குத் திருப்புவது போல, பழைய பக்கம் ஒவ்வொன்றையும் அதே பொருளின் புதுப் பக்கத்துக்குத் திருப்ப வேண்டும். இதற்கு 301 திருப்பல் என்று பெயர். எல்லாவற்றையும் முதல் பக்கத்துக்கே திருப்பிவிடும் சோம்பல் வேலை வேண்டாம். இந்தத் திருப்பலைக் குறைந்தது ஒரு வருடமாவது வைத்திருக்கும்படி கூகுள் சொல்கிறது. பழைய டொமைன் பெயரைப் புதுப்பித்துக் கையிலேயே வைத்திருங்கள் என்று நான் சொல்கிறேன். தளம் வைத்திருப்பவர்களுக்குக் கூகுள் தரும் சேர்ச் கன்சோல் என்ற கருவியில் இரண்டு முகவரியையும் சேர்த்து, முகவரி மாறியதை அறிவியுங்கள். அது இலவசம். யார் யார் உங்களுக்கு லிங்க் கொடுத்திருக்கிறார்கள், என்ன சொல் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள் என்பதையும் அங்கேயே பார்க்கலாம்.

தமிழில் தளம் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் வரும் ஒரு தொல்லையும் உங்களிடம் இருக்கிறது. உங்கள் பக்க முகவரிகள் தமிழ் எழுத்தில் இருக்கின்றன. கூகுளுக்கு அதில் பிரச்சினை இல்லை. ஆனால் அதைப் பிரதி எடுத்து வட்ஸ்அப்பில் ஒட்டினால் அநேகமாகச் சதவீதக் குறியும் ஆங்கில எழுத்துமாக மூன்று வரிக்கு நீளும். பார்ப்பவர் வைரஸ் என்று பயப்படுவார், அல்லது பாதியோடு வெட்டி ஒட்டுவார். பாதி முகவரி எங்கும் போகாது. இனிப் போடும் பக்கங்களுக்கு ஆங்கில எழுத்தில் சிறிய முகவரி வையுங்கள். பழையவற்றை மாற்றினால் அவற்றுக்கும் திருப்பல் போட மறக்க வேண்டாம்.

இவ்வளவும் செய்த பிறகு வெளி லிங்க். உங்களை ஏற்கெனவே தெரிந்தவர்களிடம் இருந்து தொடங்குங்கள். உங்கள் ஒடியல் மாவில் கூழ் காய்ச்சும் சாப்பாட்டுக் கடை, உங்களிடம் வாங்கி விற்கும் லண்டன் கடை, பனை பற்றிய ஆய்வுக்கு உங்கள் முற்றத்துக்கு வந்த பல்கலைக்கழகப் பிள்ளைகள். இவர்களிடம் கூச்சப்படாமல் கேட்கலாம், ஏனென்றால் சொல்லப்போவது உண்மை. பத்திரிகையில் உங்களைப் பற்றி வந்திருந்தால், இணையப் பதிப்பில் லிங்க் சேர்க்கும்படி ஒரு மின்னஞ்சல் போடுங்கள். எங்கட செய்தித் தளங்களில் பல, படத்தையும் செய்தியையும் எடுத்துப் போடும், லிங்க் மட்டும் போடாது. பழைய மாணவர் சங்கத்துக்குக் காசு கொடுத்து விளம்பரம் போட்டிருந்தால், அந்த லிங்குக்கு "ஸ்பொன்சர்ட்", அதாவது காசு கொடுத்துப் போட்டது, என்ற குறியைப் போடச் சொல்லுங்கள். அது வரிசைக்கு உதவாது, ஆனால் விதிக்குள் நிற்கும்.

ஆனால் கேட்காமலே லிங்க் கொடுக்க வைக்கும் ஒரு பக்கம் உங்களிடம் இல்லை. விலைப்பட்டியலுக்கு யார் லிங்க் கொடுப்பார்? பனங்கிழங்கை அவித்து, பிளந்து, காயவைத்தால் புழுக்கொடியல். அவிக்காமல் பிளந்து காயவைத்தால் ஒடியல். இந்த வித்தியாசம் வெளிநாட்டில் பிறந்த எங்கட பிள்ளைகளுக்குத் தெரியாது. ஒடியல் மாவைத் தண்ணீரில் ஊறவைத்துக் கசப்பை எடுத்த பிறகுதான் கூழில் சேர்ப்பது என்பதும் தெரியாது. அம்மாவுக்குத் தெரியும். அதை அம்மா சொல்லச் சொல்ல எழுதி ஒரு பக்கம் போடுங்கள். கூழ் காய்ச்சுவது பற்றி எழுதுகிற யாரும் "ஒடியல் மா பற்றி இங்கே பாருங்கள்" என்று அதைத்தான் காட்டுவார்கள். அந்தப் பக்கத்தில் இருந்து உங்கள் விற்பனைப் பக்கத்துக்கு நீங்களே லிங்க் போட்டுவிட்டால் வந்த நிறையில் ஒரு பங்கு அங்கேயும் போகும்.

லிங்க் மட்டுமே எல்லாம் என்றும் நினைக்க வேண்டாம். கூகுளில் வேலை செய்யும் கரி இலியேஸ் 2023இல், தளங்களை வரிசைப்படுத்தும் முதல் மூன்று காரணங்களுக்குள் லிங்க் இல்லை என்றே சொன்னார். திருப்பல் போட்ட பிறகு சில கிழமைகளில் பழைய இடத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பலாம். முதல் பக்கம் என்று நான் வாக்குத் தரமாட்டேன், அப்படித் தருபவரிடம் கவனமாக இருங்கள்.

அந்த 45,000 ரூபாயை அப்படியே வைத்திருங்கள். தையில் பாத்தி வெட்டிக் கிழங்கு கிண்டும்போது நல்ல படம் எடுக்கிற ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு, கிண்டுவது, அவிப்பது, பிளப்பது, பாயில் காயப்போடுவது எல்லாவற்றையும் எடுப்பியுங்கள். காசு மிஞ்சும்.