ஆயா கட்டித் தரும் ரொட்டி

கேள்வி: திருநெல்வேலியிலிருந்து வந்து தென்னாப்பிரிக்காவின் டர்பனில் முதுகலை படிக்கிறேன். சாட்ஸ்வொர்த்தில் 79 வயதுத் தமிழ் ஆயா ஒருவரின் வீட்டில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். ஜூன், ஜூலை குளிர்கால விடுமுறையில் நண்பர்கள் நால்வர் வாடகைக் கார் எடுத்துக்கொண்டு, சனிக்கிழமைதோறும் காலையில் கிளம்பி இரவில் திரும்புகிறோம். பீட்டர்மாரிட்ஸ்பர்க் ரயில் நிலையம், ஹோவிக் அருவி, மண்டேலா கைதான இடம் எல்லாம் பார்த்தாயிற்று. அடுத்து டிராகன்ஸ்பெர்க் மலையில் இருக்கும் சானி கணவாயில் பனி பார்க்க ஆசை. அம்மாவோ, "படிக்கப் போனாயா, ஊர் சுற்றப் போனாயா?" என்று போனில் கோபிக்கிறார். வீட்டு ஆயா வேறு, நாங்கள் போகிற நாளெல்லாம் விடியற்காலை நாலு மணிக்கே எழுந்து, கிழங்குக் கறி வைத்துச் சுருட்டிய ரொட்டியைக் கல்யாணக் கூட்டத்துக்குக் கட்டுவதுபோல் கட்டித் தருகிறார். வழியெங்கும் கடைகள் இருக்கின்றன என்றாலும் கேட்பதில்லை, பாதி வீணாகிறது. அம்மாவை எப்படிச் சமாதானப்படுத்துவது? செலவு குறைவாக இன்னும் எங்கெல்லாம் போகலாம்?

பதில்: தம்பி, அம்மாவைச் சமாதானப்படுத்தும் வேலை எனக்கு வேண்டாம். வீட்டை விட்டுப் படிக்க வந்த பிள்ளைகள் குளிர்காலம் வந்தால் இதே கடிதத்தைத்தான் எழுதுகிறார்கள். போகிற இடத்தின் பெயர் மட்டும் மாறும். எத்தனை ராண்ட் செலவானது என்பதை ரூபாயில் கணக்குப் போட்டு அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். கோபிப்பார். பணம் அனுப்புகிறவருக்கு அந்த உரிமை உண்டு, வாங்கிக்கொள்ளுங்கள். அந்தப் பேச்சு இதோடு முடிந்தது.

என் கண் நின்ற இடம் வேறு. "பாதி வீணாகிறது" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அங்கே. அந்தப் பாதி எங்கே போனது? மீந்ததைத் திருப்பிக் கொண்டுவந்தால் ஆயா முகம் வாடும் என்று சாலையோரக் குப்பைத் தொட்டியில் கொட்டிவிட்டு, "நன்றாக இருந்தது ஆயா" என்று வெறும் டப்பாவை நீட்டினீர்களா? நீங்கள் எழுதவில்லை. எழுதாததால் அப்படித்தான் நடந்திருக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

வழியெங்கும் கடைகள் இருப்பது அவருக்கா தெரியாது? வெள்ளையர் ஆட்சியில் அவர் வளர்ந்த காலத்திலும் கடைகள் இருந்தன. உணவகம், கழிப்பறை, கடற்கரை, பூங்காவில் போட்ட பெஞ்சு வரை நிறம் பார்த்துப் பிரித்து வைக்க 1953-ல் ஒரு சட்டமே போட்டார்கள். எங்கள் வண்டிக்குப் பெட்ரோல் போட்டுக் காசு வாங்கிக்கொள்வார்கள். பக்கத்திலேயே உட்கார்ந்து ஒரு தேநீர் குடிக்க முடியாது. பிள்ளை அடக்க முடியாமல் அழுதாலும் கழிப்பறைச் சாவி கேட்க முடியாது.

நான் இங்கேயே பிறந்தவள். அறுபதுகளில் ஜோஹன்னஸ்பர்க்கில் இருந்த சித்தப்பா வீட்டுக்குப் போவதென்றால், அம்மா முதல்நாள் இரவே அடுப்படிக்குப் போய்விடுவார். வழியில் ஆரஞ்சு ஃப்ரீ ஸ்டேட் வரும். அந்த மாகாணத்தில் இந்தியர் குடியிருக்கக் கூடாது என்று 1891-ல் போட்ட சட்டம் 1986 வரை உயிரோடு இருந்தது. அங்கே வண்டியை நிறுத்தவே அப்பாவுக்குப் பயம். நிறுத்தினாலும் ஊருக்கு வெளியே, ஆளில்லாத தைல மரத்தடியில். அம்மா போர்வையை விரித்துப் பிடிப்பார். பெண் பிள்ளைகள் நாங்கள் அதன் மறைவில் உட்கார்ந்து எழுந்திருப்போம். கை கழுவிக்கொண்டு அதே மரத்தடியில் ரொட்டி. வழிச் சாப்பாட்டை இங்கே எல்லா மொழிக்காரர்களும் 'பாட்கோஸ்' என்கிறார்கள், ஆஃப்ரிகான்ஸ் சொல். வெள்ளைக்காரர்களுக்கு அது உல்லாசம். எங்களுக்கு அது இல்லாவிட்டால் பட்டினி.

உங்கள் ஆயா நாலு மணிக்கு அடுப்பு மூட்டும்போது அவர் கண்ணில் ஓடுவது அந்தச் சாலைதான்.

இதில் எனக்குப் பொறுக்க முடியாதது ஒன்று உண்டு. பீட்டர்மாரிட்ஸ்பர்க் ரயில் நிலையத்துக்குப் போயிருக்கிறீர்கள். 1893 ஜூன் 7 இரவு, முதல் வகுப்பு டிக்கெட் கையில் இருந்தும் காந்தியைக் கீழே தள்ளிய இடம். கடுங்குளிர். மேல்கோட்டு பெட்டிகளோடு ரயில்வேக்காரர்களிடம் இருந்தது. கேட்டால் மறுபடியும் அவமானப்படுத்துவார்களோ என்று கேட்காமலே நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அங்கே நின்று நால்வரும் படம் எடுத்துக்கொண்டிருப்பீர்கள். வெளியே நிறுத்திய காருக்குள் கிடந்த ரொட்டிப் பொட்டலத்திலும் இதே கதைதான் இருக்கிறது என்று ஒருவருக்குமா தோன்றவில்லை? மகாத்மாவுக்கு நேர்ந்த அவமானத்துக்குக் கல்வெட்டு. வீட்டுக் கிழவிக்கு நேர்ந்ததற்குக் குப்பைத் தொட்டி.

வாடகை கொடுக்கிறோமே என்று சொல்லாதீர்கள். வாடகை அறைக்கு. நாலு மணி விழிப்புக்கு எவ்வளவு கொடுத்தீர்கள்? சோறு கட்டிக் கொடுத்த கை உறவாகிவிட்டது, அவ்வளவுதான். பெற்ற தாய்க்குச் செய்ய வேண்டியதைச் செய்யக் கடல் குறுக்கே கிடக்கிறது என்றால், இங்கே உங்களுக்காகக் கண் விழிக்கிறவருக்குச் செய்ய வேண்டும். பழைய பஞ்சாங்கம் என்று சிரித்துக்கொள்ளுங்கள், எனக்குக் கவலையில்லை.

இன்னொன்று. காரில் ஐந்து பேர் உட்காரலாம். நீங்கள் நால்வர். ஐந்தாவது இடத்தில் என்ன இருந்தது, பைகள்தானே? சாட்ஸ்வொர்த் என்பதே டர்பனின் காட்டோ மேனர் போன்ற இடங்களிலிருந்து இந்தியர்களைப் பெயர்த்துக்கொண்டுவந்து 1960களில் குடிவைத்த ஊர். "ஆயா, டிராகன்ஸ்பெர்க் மலையைப் பார்த்திருக்கிறீர்களா?" என்று ஒரு தடவையாவது கேட்டதுண்டா? மூன்று மணி நேரத் தூரம். நிறம் பார்த்துப் பிரித்த அந்த 1953 சட்டத்தை 1990-ல் எடுத்தபோது அவர் நாற்பதைத் தாண்டியிருப்பார். பிறகு பிள்ளைகள் கல்யாணம், பிறகு பேரப்பிள்ளைகள், பிறகு முழங்கால்.

சானி கணவாய் இந்த முறை வேண்டாம். உச்சி 2,876 மீட்டர். அந்த உயரமும் குளிரும் அவர் வயதுக்கு ஆகாது. தவிர அது லெசோத்தோ எல்லை. நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி இல்லாமல் மேலே விடமாட்டார்கள். உங்கள் வாடகைச் சிறுகார் அடிவாரத்தோடு திரும்ப வேண்டியதுதான். கடவுச்சீட்டு, அந்த நாட்டு விசா, திரும்பி நுழைய உங்கள் மாணவர் விசா இடம் தருகிறதா என்பது, எல்லாவற்றையும் முன்கூட்டிப் பார்க்க வேண்டும். பனி விழுகிறது என்ற செய்தி கேட்டதும் வண்டியை எடுத்துக்கொண்டு ஓடுவதும் கூடாது. 2024 செப்டம்பரில் வான் ரீனன் கணவாய்ப் பக்கம் ஜோஹன்னஸ்பர்க் நெடுஞ்சாலை பனியில் மூடி, வண்டிகள் இரவெல்லாம் நடுவழியில் நின்றன.

அதே டிராகன்ஸ்பெர்க்கில் இருக்கும் ராயல் நேட்டல் தேசியப் பூங்காவுக்குப் போங்கள். ஆம்பிதியேட்டர் என்கிற பாறைச் சுவர் சுமார் 5 கிலோமீட்டர் நீளத்துக்கு எழுந்து நிற்கும். காரில் இருந்தபடியே பார்க்கலாம். குளிர்காலத்தில் மழை குறைவு, வானம் துடைத்துவிட்டதுபோல் இருக்கும். உச்சியில் பனி இருந்தால் கீழிருந்தே தெரியும். புல்வெளி மட்டும் காய்ந்து பழுப்பாகக் கிடக்கும். ஐந்து மணியைத் தாண்டினால் இருட்டிவிடும், லாரிகள் வேறு. இரண்டு மணிக்கே திரும்பக் கிளம்புங்கள்.

ஆயா வரமாட்டேன் என்பார். மூன்று தடவை மறுப்பார். நான்காவது தடவை எந்தச் சேலை கட்டுவது என்று கேட்பார். முன் இருக்கை அவருக்கு, பைகள் உங்கள் மடியில். ரத்த அழுத்த மாத்திரையும் சால்வையும் மறக்காதீர்கள். வழியில் நல்ல உணவகமாகப் பார்த்து நிறுத்தி, முன்வாசல் கதவை அவரே திறந்துகொண்டு போகட்டும். உட்கார்ந்து தேநீர் குடிக்கட்டும். அவசரப்படுத்தாதீர்கள். காசு நீங்கள் கொடுங்கள். அந்தக் கணக்கையும் அம்மாவிடம் சொல்லுங்கள், அதற்கு அவர் கோபிக்கிறாரா பார்ப்போம்.

அன்றைக்கு நாலு மணிக்கு எழுந்து ரொட்டி சுடப்போவது நீங்கள் நால்வரும். வட்டமாக வராது. கறி வைத்துச் சுருட்டிவிட்டால் தெரியாது.